பாச்சேனஹள்ளித் தீவுக்கோட்டையைக் கட்டியது யார்?

அத்தியாயம் 4

ஹெப்பகோடிக்குப் பின்னால், பாச்சேனஹள்ளி ஏரிக்கரையில் நிற்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு முதலில் 'லேக் ப்ரீஸ்' என்றுதான் பெயர். ஏரியிலிருந்து வருவது எப்படிப்பட்ட காற்று என்பது குடிவந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் தெரிந்து போயிற்று. பிறகு ஒருநாள் ஏரி நடுவில் இருக்கும் குட்டித் தீவில் வெள்ளைக்காரன் காலத்துக் கோட்டை ஒன்று 'கண்டுபிடிக்கப்பட்டது'. பொதுக்குழு அவசரமாகக் கூடி, பெயரை 'ராயல் ஃபோர்ட் என்க்ளேவ்' என்று மாற்றியது. பெயர்ப் பலகை மாறியது, லெட்டர்ஹெட் மாறியது, காவலாளியின் தொப்பியில் ஒரு பித்தளைச் சிங்கம்கூட ஏறியது. காற்று மட்டும் மாறவில்லை.

அந்தக் கோட்டைதான் இப்போது சி பிளாக் மரகதத்தின் வீட்டுக்கு உலை வைத்திருந்தது.

"மூணாவது மாடியும் நாலாவது மாடியும் கோட்டையை மறைக்குதாம். காலி பண்ணிக் குடுத்துட்டா இடிச்சிடுவாங்களாம்," என்றாள் மரகதம், நோட்டீசை டைனிங் டேபிளில் வைத்து. "எங்களுது மூணாவது மாடி. முப்பது வருஷம் வாடகை வீட்டுல இருந்துட்டு வாங்கினது. நாளன்னைக்கு சனிக்கிழமை பதினோரு மணிக்கு கிளப் ஹவுஸ்ல தொல்பொருள் இலாகா ஆபீசர் வந்து விசாரிக்கிறாரு. கோட்டை நிஜம்னு அவர் எழுதிட்டா முடிஞ்சுது."

எதிரில் உட்கார்ந்திருந்தவள் இளவேனில். பத்து வருடம் வங்கிகளுக்காக வீட்டுப் பத்திரங்களைச் சரிபார்த்து, போலிப் பத்திரத்தை மோப்பத்தாலேயே கண்டுபிடிக்கப் பழகியவள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். பக்கத்தில் அவளுடைய உதவியாளர் நாணு. வயது அறுபத்தொன்று. இருபத்தெட்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில்தான் போயிற்று, வாய் போகவில்லை.

"கோட்டையைப் பத்தி மனு குடுத்தது யாரு?" என்று கேட்டாள் இளவேனில்.

"அசோசியேஷன் பிரசிடென்ட் எத்திராஜ் சார். ஏ பிளாக். அவர் பால்கனிக்கும் ஏரிக்கும் நடுவுல எங்க பிளாக் நிக்குது."

"அப்போ சரித்திரப் பற்றுங்கிறது பால்கனி வழியா வந்திருக்கு," என்றார் நாணு.

ஆதாரம் என்று எத்திராஜ் மனுவோடு இணைத்திருந்தது ஒரு சின்னப் புத்தகம். நாற்பத்தெட்டுப் பக்கம், ஆங்கிலம். 'பாச்சேனஹள்ளித் தீவுக்கோட்டை: ஒரு சரித்திரம்.' எழுதியவர் பெயர் கிடையாது; 1908-ல் வந்த நூலின் மறுபதிப்பு என்று மட்டும் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் எல்லா வீட்டுக் கதவுக்கு அடியிலும் ஒரு பிரதி கிடந்ததாம். போட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு கோட்டை சும்மா கிடைக்கும்போது யார் ரசீது கேட்பார்கள்?

"இதை எழுதினது யாருன்னு சனிக்கிழமைக்குள்ள நிரூபிச்சிடணும். அவ்வளவுதான்," என்றாள் மரகதம்.

இளவேனில் சமையல்கட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். அங்கே சுவரில் லிங்கராஜபுரம் மளிகைக்கடைக் காலண்டர் ஒன்று தொங்கியது. திரும்பி வந்து புத்தகத்தைப் புரட்டினாள்.

"நாணு சார், முதல் பக்கம் கேளுங்க. 'கோட்டையைக் கட்டிய கேப்டன் டன்கன் மக்ரே கண்டிப்பான புராட்டஸ்டன்ட். மாதா சுரூபத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவன் இருக்கும் வீதியில்கூட அவர் நடக்க மாட்டார்.'"

"ஹௌதா, அப்படியா? நல்ல மனுஷன். அப்புறம்?"

"முப்பத்தொண்ணாம் பக்கம். 'ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு இருபத்தொன்பதாம் தேதி கோட்டையில் மாதா கொடி ஏறும். கேப்டன் உட்பட எல்லாரும் செப்டம்பர் எட்டு வரை காவி உடுத்தி நவநாள் அனுசரித்தனர்.'"

நாணு நிமிர்ந்தார். "மேடம், இது நம்ம சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா! அந்தப் பத்து நாளும் எங்க பஸ்ஸை எல்லாம் சுத்தி விட்டுடுவாங்க. காவிப் புடவைக் கூட்டத்துக்கு நடுவுல டிக்கெட் கிழிச்சவன் நான். மெழுகுவத்தியைப் பார்த்து ஓடுன துரை எப்போ காவி கட்டினாரு?"

"ரெண்டாம் பக்கத்துக்கும் முப்பதாம் பக்கத்துக்கும் நடுவுல எப்பவோ."

"நடுவுல ஒருத்தரும் படிக்கலேன்னு அர்த்தம்."

"இருபத்திரண்டாம் பக்கம் இன்னும் நல்லா இருக்கு. 1794-ல கேப்டன் போட்ட கோட்டை விதிகள். மதில்மேல் துணி உலர்த்தக் கூடாது. விருந்தாளிகளின் குதிரை வண்டி வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். இரவு பத்துக்கு மேல் பேண்டு வாசிக்கக் கூடாது. குப்பையை ஈரம், உலர்ந்தது என்று பிரித்துத்தான் காவலாளியிடம் கொடுக்க வேண்டும்."

மரகதம் மேசைமேல் இல்லாத தூசியைத் துடைத்தாள். இளவேனில் எழுந்து லிஃப்ட் பக்கம் போனாள். அறிவிப்புப் பலகையில் எத்திராஜ் கையெழுத்திட்ட சுற்றறிக்கை எண் 17 இருந்தது. துணி, வண்டி, சத்தம், குப்பை. அதே நான்கு விதி, அதே வரிசை. குதிரைக்குப் பதில் கார், அவ்வளவுதான். தாளின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் அச்சிட்ட கடையின் பெயர்: சிந்தியா கிராஃபிக்ஸ், லிங்கராஜபுரம்.

"இங்கேயிருந்து இருபத்தஞ்சு கிலோமீட்டர்," என்றார் நாணு, பின்னாலேயே வந்து. "ஹெப்பகோடியிலேயே நாலு கடை இருக்கு. ஒரு சர்க்குலரை டைப் பண்ண ரெண்டு பஸ் மாறிப் போவாங்களா?"

"அதைத்தான் கேக்கப் போறோம். முதல்ல கோட்டையைப் பார்த்துட்டு வரலாம்."

ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை சின்னப்பாவுடையது. தீவுக்குப் போக இருக்கும் ஒரே பரிசலும் அவருடையது. மூன்று பேரும் அதில் ஏறியதும் பரிசல் ஒரு பக்கம் சாய்ந்தது. "உள்ள போங்க, உள்ள போங்க," என்று பழக்கதோஷத்தில் கத்தினார் நாணு. வட்டமான பரிசலில் உள்ளே என்று ஓர் இடம் கிடையாது.

தீவில் இருந்ததெல்லாம் மூன்று இடிந்த செங்கல் சுவர்களும் ஒரு நொச்சிப் புதரும்தான். புத்தகத்தில் 'பீரங்கித் துளைகள்' என்று படம் போட்டிருந்த வளைவான ஓட்டைகள் சுவரின் அடியில் வரிசையாக இருந்தன.

"ஏம்பா சின்னப்பா, இதெல்லாம் முழங்காலுக்குக் கீழ இருக்கே. எதிரி தவழ்ந்து வந்தானா?" என்றார் நாணு.

சின்னப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பீரங்கியா? விறகு திணிக்கிற வாய்ண்ணா அது! சூளை. ஏரி வத்துனப்போ இங்கியே மண்ணு எடுத்து, இங்கியே கல்லு அறுத்து, இங்கியே சுட்டாங்க. எங்கப்பா வேலை செஞ்ச எடம்."

"இதை எத்திராஜ் சார்கிட்ட சொன்னீங்களா?" என்றாள் இளவேனில்.

"சொன்னேன்மா. 'உன்கிட்ட புத்தகம் இருக்கா?'ன்னு கேட்டாரு. மீனுதான் இருக்குன்னேன்."

கரைக்குத் திரும்பும்போது இளவேனில் யோசித்துக்கொண்டே வந்தாள். "சின்னப்பா வாயால சொல்றாரு. அது அச்சுல வந்திருக்கு. ஆபீசர் மேசையில அச்சுதான் ஜெயிக்கும். கோட்டையைக் கட்டின ஆளே வந்து இடிச்சாத்தான் உண்டு."

"சூளையைச் சொல்றீங்களா, புத்தகத்தையா?"

"புத்தகத்தை. ஒண்ணு பண்ணுங்க நாணு சார். அந்தக் கடை வாசல்ல இறங்கினதும் 'லிங்கராஜபுரம் சிந்தியா கிராஃபிக்ஸ் வந்துட்டோம்'னு மரகதம் மேடத்துக்கு ஒரு மெசேஜ் போடுங்க. இறங்கின பிறகு. அதுக்கு முன்னாடி வேண்டாம். வேற யாருக்கும் வேண்டாம்."

"ஸ்டாப் வந்த பிறகு டிக்கெட்டா? ஆகட்டும்."

சிந்தியா கிராஃபிக்ஸ் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு மாதா படம் கொண்ட கடை. சுவர் முழுக்க மாதிரிகள்: திருமணப் பத்திரிகை, நினைவஞ்சலி அட்டை, பங்குத் திருவிழா மலர், பணி ஓய்வு மலர். மானிட்டருக்குப் பின்னால் மௌரீன் உட்கார்ந்திருந்தார். வயது அறுபதைத் தாண்டியும் கீபோர்டில் விரல்கள் மழை பெய்தன. சிந்தியா அவர் மகள்; கல்யாணமாகித் துபாயில் இருக்கிறாள். பெயர் மட்டும் பலகையில் தங்கிவிட்டது.

நாணு வாசலிலேயே மெசேஜைத் தட்டிவிட்டு உள்ளே போனார். "அக்கா, ஒரு வம்ச சரித்திரம் எழுதணும். எங்க தாத்தா ஒரு கோட்டையில பெரிய ஆளா இருந்தாரு."

"எந்தக் கோட்டைப்பா?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

மௌரீன் கண்ணாடியை இறக்கி அவரை அளந்தார். "எத்தனை பக்கம்? பத்துப் பக்கத்துல கோட்டை வராது. மண்டபம்னா வரும். இடிஞ்சதா, நல்லா இருக்கிறதா?"

"எது வசதி?"

"இடிஞ்சதுதான். போர்ல போச்சுன்னு ஒரே பாராவுல முடிச்சிடலாம். நல்லா இருக்குன்னா ஜனங்க போட்டோ கேப்பாங்க."

இளவேனில் புத்தகத்தை கீபோர்டின் மேல் வைத்தாள். மழை நின்றது.

"இது நல்லா வந்திருக்கு ஆன்ட்டி. எப்படி எழுதினீங்க?"

மௌரீன் முதலில் புத்தகத்தைப் பார்த்தார், பிறகு மாதா படத்தைப் பார்த்தார். மாதா உதவிக்கு வருவதாகத் தெரியவில்லை. பெருமூச்சு விட்டார்.

"வெறும் பேப்பர்ல இருந்து யாரும்மா எழுதுவா? பழைய ஃபைலைத் திறக்கிறது, பேரை மாத்துறது, வேற பேர்ல சேவ் பண்றது. என் கடையில எல்லாமே அப்படித்தான். கோட்டைக்குள்ள ஜனங்க எப்படி இருந்தாங்கன்னு தெரியலே, அந்த அசோசியேஷன் ரூல்ஸ் ஃபைல் இருந்துச்சு, போட்டேன். திருவிழா வேணும்னு பங்கு மலரை எடுத்தேன். கேப்டன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு கேட்டேன். அதுக்கு ஒரு பணி ஓய்வு மலர் குடுத்தாங்க."

இளவேனில் ஒன்பதாம் பக்கத்தை எடுத்தாள். 'கேப்டன் தமது முப்பத்தாறு ஆண்டு சேவையில் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. ஸ்டோர் சாவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் உறங்குவார்.'

"துரை ஸ்டோர் கீப்பரா?" என்றார் நாணு.

"மாத்த மறந்துட்டேன்," என்றார் மௌரீன். சரித்திரம் தப்பிப்போனதில் அவருக்கு வருத்தமில்லை. ப்ரூஃப் தப்பிப்போனதில் உண்மையான வருத்தம்.

"யார் குடுத்தாங்க ஆன்ட்டி? எத்திராஜ் சாரா?"

"மாதா மேல சத்தியம் பண்ணியிருக்கேன். உயிர் போனாலும் சொல்ல மாட்டேன்."

அந்த நேரம் மேசைமேல் இருந்த மௌரீனின் போன் துடிதுடித்தது. திரையில் பெயர் பெரிதாக எரிந்தது: மரகதம் ஹெப்பகோடி.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். மௌரீன் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார்; போன்தான் காட்டிக்கொடுத்துவிட்டது.

"நாம இங்க இருக்கிறது ஒருத்தருக்குத்தான் தெரியும்," என்றாள் இளவேனில்.

நாணு வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "நம்ம கிளையன்ட்டே கோட்டை கட்டியிருக்காங்களா? அப்புறம் நம்மை எதுக்கு வெச்சாங்க?"

"விதிகள் எத்திராஜ் எழுதினது. நாம அவரைத்தான் பிடிப்போம்னு நினைச்சிருக்காங்க. புத்தகத்தைக் குடுத்தப்போ அவங்க ஒரு தடவைகூட 'இது நிஜமா?'ன்னு கேக்கலே. தெரிஞ்சவங்க கேக்க மாட்டாங்க. சமையல்கட்டுல இந்த ஏரியா காலண்டர். அவங்க பழைய வாடகை வீடு இங்கதானே ஆன்ட்டி?"

"அடுத்த தெரு," என்றார் மௌரீன் மெல்லிய குரலில். இனி மறைக்க என்ன இருக்கிறது? "திட்டாதீங்கம்மா. அசோசியேஷன் பேப்பரை எல்லாம் அவங்கதான் டைப் பண்ண எடுத்துட்டு வருவாங்க. ஒருநாள் இந்த ஸ்டூல்ல உக்காந்து அழுதாங்க. சி பிளாக் பக்கம் சாக்கடை போகுதாம். லிஃப்ட்ல, மீட்டிங்ல இவங்களைப் பார்த்தா பிரசிடென்ட் பொண்டாட்டி மூக்கைப் பொத்திக்குமாம். 'சாக்கடை பிளாக்'னே பேராம். எங்க ஜன்னல்ல இருந்துதான் தீவு கிட்டக்கத் தெரியுது, அதுல ஏதாவது பெரிசா இருந்துட்டா மரியாதை குடுப்பாங்களே அக்கான்னாங்க. நான் பெரிசாத்தான் குடுத்தேன்."

கொஞ்சம் அதிகமாகவே பெரிதாகிவிட்டது. மரியாதைக்காகக் கட்டிய கோட்டையை எத்திராஜ் பிடித்துக்கொண்டு, அதன் பீரங்கியைக் கட்டியவள் வீட்டுப் பக்கமே திருப்பிவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மரகதத்தின் வீட்டில் காபி ஆறிக்கொண்டிருந்தது. ஹாலில் அவள் கணவர் சண்முகம் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குத் தெரியாது," என்றாள் மரகதம், தலையைத் தூக்காமல். "மௌரீன் அக்கா எழுதினாங்கன்னு மட்டும் நீங்க சொல்லிட்டா போதாதா?"

"போதாது மேடம். யாருக்காகன்னு ஆபீசர் கேப்பாரு. சத்தியம்னு அந்தம்மா வாயை மூடிக்குவாங்க. பைத்தியக்கார டைப்பிஸ்டுன்னு எத்திராஜ் எழுதி வெச்சிடுவாரு. அவங்க கடை போகும், உங்க வீடும் போகும்."

"நான் எந்திரிச்சு சொன்னா ஆயுசுக்கும் சிரிப்பாங்க. அந்த லிஃப்ட்ல நான் எப்படி ஏறுவேன்?"

"வீடு இருந்தாத்தானே மேடம் லிஃப்ட்டு?" என்றார் நாணு. "கோட்டை நிக்கணுமா, வீடு நிக்கணுமா? ரெண்டுக்கும் ஒரே எடம்தான் இருக்கு."

ஹாலில் டி.வி. சத்தம் குறைந்ததை மரகதம் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு கிளப் ஹவுஸ் நிரம்பிவிட்டது. ஏ பிளாக் முன் வரிசையில், சி பிளாக் மின்விசிறி இல்லாத வரிசையில். எத்திராஜ் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஹெப்பகோடியில், பதினோரு மணி வெயிலில். அவர் மனைவி ராஜலக்ஷ்மி கையில் வாசனை தடவிய கைக்குட்டை. அதிகாரி சின்ன உருவம், பெரிய பை. எத்திராஜ் புத்தகத்திலிருந்து அரைமணி நேரம் வாசித்தார். அதிகாரி ஏதோ எழுத ஆரம்பித்தார்.

மரகதம் எழுந்து நின்றாள்.

"எழுதாதீங்க சார். அந்தப் புத்தகம் பொய். நான்தான் எழுதச் சொன்னேன்."

எத்திராஜ் சிரித்தார். "உக்காருங்க மேடம். வீட்டைக் காப்பாத்திக்க என்ன வேணும்னாலும் சொல்வீங்களா? சரித்திரத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

பாவம் மரகதம். பொய் சொன்னபோது எல்லாரும் நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. இதை அவள் எதிர்பார்க்கவில்லை. இளவேனிலைப் பார்த்தாள். இளவேனில் சுற்றறிக்கை எண் 17-ஐ அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

மரகதம் படித்தாள். ஒரு வரி சுற்றறிக்கை, ஒரு வரி கேப்டன் மக்ரே. துணிக்கு முதல் சிரிப்பு எழுந்தது. குதிரை வண்டிக்குப் பரவியது. ஈரக் குப்பை, உலர்ந்த குப்பைக்கு வந்தபோது அதிகாரியே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"துணி பத்தின ரூல், என் புடவையைப் பார்த்துட்டு நீங்க போட்டது எத்திராஜ் சார்," என்றாள் மரகதம். "துரை போட்டதில்லே."

"அப்போ முப்பத்தாறு வருஷம் லேட்டா வராத கேப்டன்?" என்று கன்னடத்தில் கேட்டார் அதிகாரி. "அவர் யாரு?"

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"நான்தான் சார்," என்றார் சண்முகம், கையைக் கட்டிக்கொண்டு எழுந்து. "ஃபேக்டரியில ஸ்டோர் கீப்பர். அந்தப் பக்கத்தைப் படிச்ச அன்னைக்கே தெரிஞ்சுது. இவளா சொல்லட்டும்னு இருந்தேன்."

சி பிளாக் கைதட்டியது. அதிகாரி சின்னப்பாவைக் கூப்பிட்டு சூளையைப் பற்றி நான்கு கேள்வி கேட்டார், மரகதத்திடம் ஒரு தாளைக் கொடுத்து வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டார், கோட்டை கிடையாது என்று கோப்பை மூடினார். எத்திராஜ் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டு, ஒரு போன் வந்ததுபோல் வெளியே போனார். போன் வரவில்லை, நாணு எட்டிப் பார்த்துவிட்டார்.

மரகதம் தலையைக் குனிந்தபடி சி பிளாக் லிஃப்டுக்கு வந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ராஜலக்ஷ்மி. வந்தது சிரிக்கத்தான் என்று மரகதம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ராஜலக்ஷ்மி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். கைக்குட்டை கைக்குள் கசங்கியிருந்தது.

"ஏங்க, எங்க மாமனார் வீட்டுப் பக்கமும் பழைய பரம்பரைதான். எழுதி வைக்காம விட்டுட்டாங்க. வர்ற மாசம் நாத்தனார் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ரொம்பக் கேக்கிறாங்க... அந்த டைப்பிங் அம்மாவோட நம்பர் கொஞ்சம் குடுக்க முடியுமா? சாருக்குத் தெரிய வேண்டாம்."

மரகதம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே போய், திரும்பி நின்று, பொத்தானை அழுத்தினாள்.

"சி பிளாக், மூணாவது மாடி. சாயங்காலமா வீட்டுக்கு வாங்க. எழுதித் தர்றேன்."